நிறுத்தச் சொல்லும் உரிமை

யூராகுச்சோ

டோக்கியோவில் யூராகுச்சோ ரயில் நிலையம் 1910-இல் திறக்கப்பட்டது. பாதையைத் தாங்கி நிற்கும் அந்தக் காலத்துச் செங்கல் வளைவுகள் இன்றும் உறுதியாக இருக்கின்றன. அவற்றின் அடியில் வரிசையாகக் குடிக்கடைகள்; அவற்றில் பல யாக்கிட்டோரி என்ற சுட்ட கோழிக்குப் பேர்போனவை. மாலையில் அலுவலகம் விட்டு வருகிறவர்கள் டையைத் தளர்த்திக்கொண்டு நெருக்கியடித்து உட்காருகிறார்கள். சில கடைகளில் கவிழ்த்துப் போட்ட பீர்ப் பெட்டிதான் நாற்காலி. தலைக்கு மேல் ரயில் கடக்கும்போது பேச்சு நிற்கிறது, கடந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது. தொடைக்கறி, ஈரல், தோல், இதயம், நம் கறிக்கடைகளில் கந்தனக்காய் என்று கேட்டு வாங்கும் இரைப்பை என்று கோழியின் ஒவ்வொரு பாகமும் தனித்தனியாக மூங்கில் குச்சியில் ஏறுகிறது. சுவைக்கு இரண்டே வழி. ஒன்று வெறும் உப்பு. மற்றது சோயா சாஸோடு மிரின் என்ற இனிப்பு அரிசி மதுவும் சர்க்கரையும் சேர்த்துக் காய்ச்சிய தாரே. ஒரு குச்சி 200 யென்னைச் சுற்றி இருக்கும்.

செய்முறை எளிது, கைப்பக்குவம்தான் கடினம். அடுப்பில் கம்பிவலை கிடையாது. குறுகலான நீளத் தொட்டியில் கரித்தணல், அதன் மேல் இரண்டு இரும்புத் தண்டுகள், அவற்றின்மீது குறுக்கே குச்சிகள். சுடுகிறவர் ஒரு கையால் குச்சிகளைத் திருப்பியபடி மறு கையால் விசிறி வீசுகிறார். கறித்துண்டுகள் நுனிப்பக்கம் சற்றுப் பெரிதாகவும் பிடிப்பக்கம் சிறிதாகவும் இருக்கும். நுனி நிற்கும் இடத்தில்தான் சூடு அதிகம். குச்சி கோக்கக் கற்க 3 ஆண்டு, சுடக் கற்க ஆயுள் முழுதும் என்று இத்தொழிலில் ஒரு பேச்சு உண்டு. இத்தனை கவனமும் 30, 40 கிராம் கறிக்காக. அவ்வளவு சிறிய துண்டு சூட்டை நெடுநேரம் பிடித்துவைக்காது. தோலின் மொறுமொறுப்பு ஓரிரு நிமிடத்தில் போய்விடும். உருகிய கொழுப்பு உறையத் தொடங்கினால் ஈரலின் பதமும் போய்விடும். அடுப்புக்கும் வாய்க்கும் இடையிலுள்ள நேரம்தான் இந்த உணவின் தரத்தைத் தீர்மானிக்கிறது. சிறிய கடை, அடுப்பை ஒட்டிய பலகை, ஒன்றிரண்டாகக் கேட்டு வாங்கும் வழக்கம் எல்லாமே அந்த நேரத்தைக் குறைக்கும் ஏற்பாடுகள். அழுக்கும் இரைச்சலும் தற்செயலாகச் சேர்ந்தவையாக இருக்கலாம். இந்த ஏற்பாடுகள் அப்படிச் சேர்ந்தவை இல்லை.

கின்ஸா

பாலத்தடியிலிருந்து கின்ஸாவுக்கு நடந்தே போய்விடலாம். ஆனால் அந்தச் சிறு தொலைவில் யாக்கிட்டோரி வேறொரு சமூகத்துக்குள் நுழைந்துவிடுகிறது. மிஷ்லின் வழிகாட்டியின் முதல் டோக்கியோ பதிப்பு 2007 நவம்பரில் வெளிவந்தது. சில ஆண்டுகளிலேயே யாக்கிட்டோரிக் கடைகளும் அதில் நட்சத்திரம் வாங்கின. அதன் பிறகு உயர்தர யாக்கிட்டோரி என்பது தனி வகையாகவே வளர்ந்தது. தச்சு வேலையில் மெருகேற்றிய ஒற்றைப் பலகை, விரல்விட்டு எண்ணக்கூடிய இருக்கைகள், புகையை வந்த வழியே இழுத்துக்கொள்ளும் குழாய், ஒருவருக்கு 10,000 யென்னைத் தாண்டும் முழு இரவுணவு. எதை, எந்த வரிசையில், எத்தனை என்பதைச் சமையல்காரரே முடிவு செய்கிறார். மாலையில் ஒரு பந்தி, அது எழுந்த பிறகு இன்னொரு பந்தி. ஒரு பந்தியில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் ஒரே பாகம்.

அப்படிப்பட்ட கடை ஒன்றின் இரவுணவு இந்த ஜப்பான் பயணத்தில் பெரிய ஏமாற்றமாக முடிந்தது. கடையின் பெயர் இங்கே தேவையில்லை, ஏனென்றால் குறை அந்தக் கடைக்கு மட்டும் உரியதன்று. சுட்டவர் கைதேர்ந்தவர், கோழி முதல்தரம், கரி அதனினும் தரம். நடுவில் இளஞ்சிவப்பு மாறாத நெஞ்சுக்கறி வசாபியோடு வந்தது. பின்னால் அரிசி மாவு ஓட்டுக்குள் ஈரல் விழுது, அதன் பின் ட்ரஃபிள் காளான் சீவிப் போட்ட கோழி உருண்டை. ஒவ்வொரு குச்சியோடும் கோழியின் ஊர், இனம், வளர்ந்த நாள் பற்றிய விளக்கம் வந்தது. ஒரே சமயத்தில் எல்லோருக்குமான குச்சிகள் அடுப்பில் இருந்ததால், முதலில் வெந்தது கடைசியில் வெந்ததற்காகக் காத்திருந்தது. விளக்கமும் படம் எடுப்பதும் முடிந்து கை குச்சியைத் தொடும்போது தோல் தளர்ந்துவிட்டிருந்தது. ட்ரஃபிளின் மணம் தணலின் மணத்தை மறைத்தது. தொடைக்கறி மட்டும் அற்புதமாக இருந்தது. இன்னொன்று கேட்க வழியில்லை. பிடிக்காத பாகத்தை வேண்டாம் என்று சொல்லவும் வழியில்லை. பாலத்தடியில் 200 யென்னுக்குக் கிடைத்த இரண்டு, அதாவது சூடும் தேர்வும், இங்கே அத்தனை விலைக்கும் கிடைக்கவில்லை. இந்த உணவைக் கெடுத்தது சமையல் இல்லை, முன்கூட்டியே கட்டிய வரிசை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

ஒரு இரவை வைத்து ஒரு வகையையே எடைபோடலாமா என்று கேட்கலாம். அன்று நேர்ந்தது கைத்தவறாக இருந்தால் எடைபோடக் கூடாது. கறி கருகியிருந்தாலோ உப்பு மிகுந்திருந்தாலோ அது அந்த ஒரு நாளின் குறை, மறுநாள் சரியாகிவிடும். இங்கே நடந்தவை எல்லாம் திட்டமிட்டபடியே நடந்தன. பந்தி முழுவதற்கும் ஒன்றாகப் பரிமாறினால் காத்திருப்பு இருந்தே தீரும். விலையை நியாயப்படுத்த விளக்கம் வந்தே தீரும். ஒரே பறவையின் பல குச்சிகளில் சலிப்பு தட்டாமல் இருக்க ட்ரஃபிளோ வேறு விலையுயர்ந்த அலங்காரமோ வந்தே தீரும். ஏற்பாட்டிலிருந்து பிறக்கும் குறையை இன்னொரு இரவு தானாகத் திருத்திவிடாது.

காரசாரத்துக்குப் பழகிய நாக்குக்கு ஜப்பானிய மென்சுவை பிடிபடாது என்பது அடுத்த ஆட்சேபம். தமிழர்களைப் பற்றி இதைத் தமிழர்களே அடிக்கடி சொல்வதுண்டு. ஆனால் யூராகுச்சோவின் உப்புக் குச்சியிலும் மசாலா கிடையாது. உப்பு, கொழுப்பு, புகை. விருப்பமிருந்தால் மேசையிலிருக்கும் மிளகாய்ப்பொடிக் கலவையில் ஒரு சிட்டிகை. அந்த எளிமையை ரசித்த நாக்கு அதே ஊரில் இன்னொரு எளிமையை ரசிக்காமல் போனால் காரணத்தை நாக்கில் தேடக் கூடாது, தட்டில்தான் தேட வேண்டும்.

கோழிக்கும் கரிக்கும் ஆகும் செலவைப் பார்க்க வேண்டாமா என்பது இன்னும் வலுவான கேள்வி. செலவு உண்மையானதுதான். ஜப்பானிய வேளாண் தரநிலைப்படி ஜிதோரி என்று விற்கப்படும் கோழியில் குறைந்தது பாதியாவது நாட்டு இன ரத்தம் இருக்க வேண்டும், குறைந்தது 75 நாள் வளர்ந்திருக்க வேண்டும். பிராய்லருக்கு ஏறக்குறைய 50 நாள் போதும். அகிதா மாவட்டத்தின் ஹினாய் கோழி 1942-இல் இயற்கைச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. அதன் தூய இனத்தை உண்ண முடியாது என்பதால் கலப்பினமே ஹினாய் ஜிதோரியாகச் சந்தைக்கு வருகிறது. அந்தப் பெயரின் மதிப்பு எவ்வளவு என்றால், முட்டையிட்டு ஓய்ந்த கோழிகளை அதே பெயரில் விற்ற மோசடி ஒன்று 2007-இல் அம்பலமாகி நாடெங்கும் பேசப்பட்டது. பின்சோட்டான் கரியும் அப்படித்தான். வகாயாமாவின் உபாமே ஓக் மரத்தை நாள்கணக்கில் சூளையிலிட்டு, இறுதியில் 1,000 டிகிரிக்கு மேல் சூடேற்றி எடுக்கும் இந்தக் கரி, தட்டினால் உலோகம்போல ஒலிக்கும். புகை மிகக் குறைவு, தணல் நெடுநேரம் நிற்கும்.

ஆனால் விலையுயர்ந்த பொருள் எல்லாச் சமையலுக்கும் பொருந்தும் என்பதில்லை. மெதுவாக வளர்ந்த கோழியின் தசை இறுகியது, சாறு ஆழமானது. அகிதாவில் ஹினாய் கோழியின் பெருமை கிரிதன்போ என்ற கொதிக்கும் குழம்புச் சட்டியில்தான் விளங்குகிறது. இது நமக்குப் புதிய செய்தியும் இல்லை: நாட்டுக்கோழியை அம்மியில் அரைத்த மசாலாவோடு குழம்பு வைக்கிற வீட்டில், அதையே ஐந்து நிமிடத்தில் வறுத்துத் தரச் சொன்னால் சிரிப்பார்கள். சில நிமிடத்தில் சுட்டெடுக்கும் குச்சியில் இறுகிய தசை மெல்லக் கடினமாகிவிடலாம். அதை வெல்லத் தனித் திறமை வேண்டும். பொருளின் செலவு விலைச்சீட்டைத்தான் விளக்குகிறது. உண்பவரின் கையிலிருந்து தேர்வைப் பறித்ததை அது விளக்கவில்லை.

ஷின்ஜுகு

ஷின்ஜுகு நிலையத்தின் மேற்கு வாசலை ஒட்டிய ஓமோய்தே யோக்கோச்சோ சந்தில் இந்த உணவின் வரலாறு கண்ணெதிரே நிற்கிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய கள்ளச் சந்தையில் முளைத்த கடைகள் இவை. 1999-இல் தீ ஒரு பகுதியை எரித்தும் சந்து பிழைத்துக்கொண்டது. இங்கே பல கடைகளில் குச்சியில் இருப்பது பன்றியின் குடலும் ஈரலும் நாக்கும். அதற்குக் காரணம் உண்டு. 675-இல் தென்மு பேரரசர் மாடு, குதிரை, நாய், குரங்கு, கோழி ஆகியவற்றை உண்ணத் தடை விதித்தார். தடை தளர்ந்து மறைந்த பிறகும் கோழி நெடுங்காலம் விலையுயர்ந்த கறியாகவே இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தொடங்கிய மெய்ஜி காலத்துத் தள்ளுவண்டிக்காரர்கள் பெரிய கோழி உணவகங்கள் கழித்துப் போட்ட உள்ளுறுப்புகளையே வாங்கிச் சுட்டு விற்றார்கள். போர் முடிந்த பஞ்ச நாட்களில் அதுவும் கிடைக்காமல் பன்றி, மாட்டுக் குடல்கள் அந்த இடத்தை நிரப்பின. அமெரிக்காவிலிருந்து வந்த பிராய்லர் வளர்ப்பு 1960-களில் பரவிய பின்புதான் கோழிக்கறி எல்லோருக்கும் எட்டியது. ஆக, கழிவென்று ஒதுக்கப்பட்டதைத் தணலாலும் கைத்திறனாலும் உண்ணத் தகுந்ததாக்குவதே இந்தச் சமையல் பிறந்த காரணம்.

இந்தச் சந்தைப் புகழ்ந்து பாடி, ஏழைகளின் உணவே உன்னதம் என்று முடித்துவிடுவது எளிது. அது உண்மையும் இல்லை. சந்தில் இன்று ஜப்பானியர்களுக்கு இணையாக வெளிநாட்டுப் பயணிகள் நிற்கிறார்கள். கேட்காமலே வைக்கும் சிறு தட்டுக்கும் விலை எழுதப்படுகிறது. மலிவுக் கடைகள் பலவற்றுக்கு, தாய்லாந்திலேயே குச்சியில் கோத்து உறையவைத்த கறி வந்து சேர்கிறது. அதைச் சுட்டால் நீர்தான் வடியும், கொழுப்பு உருகாது. கின்ஸாவின் கோழி இதைவிட நூறு மடங்கு மேல். எனவே மலிவு நல்லது, விலையுயர்ந்தது கெட்டது என்ற கோட்டை இங்கே கிழிக்க முடியாது. ஆனால் சுமாரான கறியைக் கொண்டே இந்தச் சந்து ஒன்றைக் காட்டிவிடுகிறது. முழங்கை இடிக்க உட்கார்ந்திருப்பவர் தனக்கு வேண்டிய ஒன்றைக் கேட்கிறார், வந்ததும் தின்கிறார், பிடித்திருந்தால் இன்னொன்று சொல்கிறார். இடையில் ஒரு வாய் விஸ்கி சோடா, ஒரு கடி ஊறுகாய், பக்கத்தில் இருப்பவரோடு ஒரு வார்த்தை. ஒரே விலங்கின் பத்துப் பாகங்களை ஒருவர் சலிக்காமல் தின்ன முடிவது இந்த இடைவெளிகளால்தான்.

சுஷியும் ஒரு காலத்தில் எடோ என்ற பழைய டோக்கியோவின் தள்ளுவண்டி உணவுதானே, அது உயர்குடிப் பலகையில் ஏறி வெற்றி பெற்றதே, கோழிக்கு மட்டும் ஏன் தடை என்பது இவ்விடத்தில் எழும் நியாயமான கேள்வி. விடை இரண்டு உணவுகளின் தயாரிப்பிலேயே இருக்கிறது. சுஷியைக் கையில் பிடித்துச் செய்ய ஆகும் நேரம் சில நொடிகள். எதிரே எட்டுப் பேர் இருந்தாலும் ஒவ்வொருவருக்கும் அப்போதே செய்து வைக்கலாம், யாரும் யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம். தவிர, ஒவ்வொரு துண்டும் வேறு மீன், வேறு கடல், வேறு பருவம்; வரிசை என்பதற்கே அங்கே பொருள் இருக்கிறது. குச்சிக்கோ அடுப்பில் பல நிமிடம் தேவை. அந்தப் பறவை முதலிலிருந்து கடைசி வரை ஒன்றே. சுஷியின் ஏற்பாட்டைக் கோழியின் மேல் அப்படியே கவிழ்த்ததில்தான் பிழை தொடங்கியது.

ஹிகாஷிமட்சுயாமா

டோக்கியோவின் இகெபுகுரோவிலிருந்து தோபு ரயிலில் ஒரு மணி நேரம் வடமேற்கே போனால் சைதாமா மாவட்டத்தின் ஹிகாஷிமட்சுயாமா வருகிறது. கட்டடங்கள் தாழ்ந்து, வீடுகளுக்கு நடுவே வயல்கள் தென்படும் சிற்றூர்ப் பக்கம். இங்கே யாக்கிட்டோரி என்று கேட்டால் வருவது பன்றித் தலைக்கறி. மேலே பூசிக்கொள்ள, காரம் சேர்த்த மிசோ என்ற சோயா விழுது. தோட்ட வேலையும் ஆலை வேலையும் முடித்து வருகிறவர்களின் கடைகள் இவை. இவ்வூரின் பழைய கடைகளில் ஒரு வழக்கம் உண்டு. உட்கார்ந்ததும், கேட்காமலே ஒரு குச்சி வரும். அதைத் தின்று முடிக்கையில் அடுத்தது வரும். போதும் என்று சொல்லும்வரை வந்துகொண்டே இருக்கும்.

இங்கேயும் சமையல்காரர்தானே முடிவு செய்கிறார், பட்டியலைப் பார்த்துத் தேர்வு செய்ய இங்கும் வழியில்லையே என்று தோன்றலாம். வேறுபாடு நுட்பமானது, ஆனால் முக்கியமானது. குச்சி ஒவ்வொருவரின் வேகத்துக்கு ஏற்ப அடுப்பிலிருந்து நேராக வருகிறது. நிறுத்தும் அதிகாரம் உண்பவரிடம் இருக்கிறது. டோக்கியோவின் உயர்தரக் கடைகளிலும் சில இதே வழியைப் பின்பற்றுகின்றன: விருந்தினர் போதும் என்னும்வரை பாகம் பாகமாக வந்துகொண்டிருக்கும், பிடித்ததை மீண்டும் கேட்கலாம், தின்ற அளவுக்கு விலை. அங்கே பணம் கொடுத்தவர்கள் ஏமாந்து திரும்புவது குறைவு. பிரச்சினை விலையில் இல்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

முன்கூட்டியே கட்டிய வரிசைக்கு ஆதரவாகச் சொல்லக்கூடிய மிக வலுவான வாதம் சிக்கனம் பற்றியது. ஒரு கோழிக்கு இதயம் ஒன்றுதான். ஒரு குச்சி நிறைய வேண்டுமானால் மூன்று நான்கு கோழி வேண்டும். இடுப்பெலும்புக் குழியில் இருக்கும் மென்தசை பறவைக்கு இரண்டே துண்டு. முட்டையிடும் கோழியின் வயிற்றில் ஓடு கட்டாத மஞ்சள் கரு எப்போதாவது கிடைப்பது. எல்லோரும் தொடையையே கேட்டால் மற்றவை வீணாகும். சமையல்காரர் பகிர்ந்து கொடுத்தால் முழுப் பறவையும் தீரும். இதில் உண்மை இருக்கிறது. ஆனால் கேட்டு வாங்கும் கடைகள் இச்சிக்கலை வெகுகாலம் முன்பே தீர்த்துவிட்டன. அரிய பாகங்களின் பெயரை மரச்சீட்டில் எழுதி மாட்டுகிறார்கள், தீர்ந்ததும் கழற்றிவிடுகிறார்கள். முதலில் வந்தவருக்குக் கிடைக்கிறது, தாமதித்தவர் நாளைக்கு வருகிறார். எலும்பு சூப்பாகிறது, துணுக்குக் கறி உருண்டையாகிறது. வீணாக்காமல் விற்க, உண்பவரின் வாயைக் கட்ட வேண்டியதில்லை.

ஃபுகுவோகா

தென்மேற்கே கியூஷூ தீவின் ஃபுகுவோகாவில் காற்றிலேயே வேறுபாடு தெரிகிறது. டோக்கியோவின் அடக்கம் இங்கே கிடையாது. பேச்சு சத்தமாகவும் சிரிப்பு அதைவிடச் சத்தமாகவும் இருக்கிறது. உட்கார்ந்ததும் புளிக்காடி ஊற்றிய பச்சை முட்டைக்கோஸ் வந்துவிடும். கோழிக் கடையிலும் பன்றி வயிற்றுக்கறிக் குச்சியோடு தொடங்குவதே இவ்வூர் வழக்கம். கொழுப்புக்கு நடுவே முட்டைக்கோஸைக் கடித்துக்கொள்வதால் அடுத்த குச்சி புதிதாகத் தெரிகிறது. ட்ரஃபிள் செய்ய வந்து செய்யத் தவறிய வேலையை ஒரு காய் செய்துவிடுகிறது.

இவ்வூரின் கோழித்தோல் இந்த வாதத்துக்குக் கடைசிச் சான்று. கழுத்துத் தோலைக் குச்சியில் இறுகச் சுற்றி, சுட்டு, கொழுப்பை வடித்து, ஆறவைத்து, மறுபடி தாரேயில் தோய்த்துச் சுடுகிறார்கள். சில கடைகளில் இது நாள்கணக்கில் நடக்கும். வெளியே மொறுமொறுப்பு, உள்ளே ஒட்டும் மென்மை. இத்தனை உழைப்பு போட்ட குச்சியை வாடிக்கையாளர்கள் பத்து, இருபது என்று கேட்டு வாங்குகிறார்கள். விலையோ டோக்கியோவின் பாலத்தடி விலைக்கு அருகில்தான். உழைப்பும் கைத்திறனும் கூடினால் சடங்கும் கூடித்தான் ஆக வேண்டும் என்ற கின்ஸாவின் தர்க்கம் இங்கே உடைந்துவிடுகிறது. மிக மலிவான பாகத்தில் மிக அதிகமான உழைப்பு, அதை எப்போது எத்தனை தின்பது என்பது தின்பவர் விருப்பம்.

ஜப்பானுக்குப் போகிற தமிழ் வாசகர்கள் பலர், ஒரு நல்ல விருந்துக்கென்று கொஞ்சம் பணம் ஒதுக்கி வைத்திருப்பார்கள். அதைச் சுஷிக்குச் செலவிடுங்கள், கியோட்டோவின் கைசெகி என்ற பல சுற்று விருந்துக்குச் செலவிடுங்கள். வரிசையில் வருவதால் சிறக்கும் உணவுகள் அவை. கோழிக்கு நடுத்தர விலைக் கடையே போதும். கரி அடுப்பு இருக்கிறதா, அடுப்புக்கு எதிரே இடம் கிடைக்குமா, ஒற்றைக் குச்சியாகக் கேட்டு வாங்க முடியுமா என்ற மூன்றை மட்டும் பாருங்கள். முதலில் உப்புப் போட்டவை, பிறகு தாரே தோய்த்தவை. வந்த குச்சியைப் படம் எடுக்காமல் உடனே தின்னுங்கள், பிடித்ததை மறுபடி கேளுங்கள், வயிறு நிறைந்ததும் போதும் என்று சொல்லுங்கள். அந்தச் சொல்லுக்கு இடம் தராத கடையில் யாக்கிட்டோரிக்காக 10,000 யென் கொடுக்காதீர்கள்.